நான் எண்ணாமல் விட்ட பந்துகள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். நீ சிரித்தாய். "இதில யோசிக்க என்னம்மா இருக்கு? கவுண்ட் எடுக்கிறதுதானே. யூ ஆர் த ஒன்லி பேர்சன் ஐ ட்ரஸ்ட்" என்றாய். மெல்பன் நோபல் பார்க்கில் பதினாறு வயதுக்குட்பட்ட பேஸ்பால் அணியின் பந்து எறிபவர்களுக்கு நீ பயிற்சியாளராகி இருக்கிறாய். தை மாதம் நானும் அப்பாவும் செவன் ஹில்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் உன்னோடு வந்து இருக்கப்போகிறோம். சனிக்கிழமைகளில் மைதான ஓரத்தில் உட்கார்ந்து, மேட்டில் நிற்கும் பையன் எத்தனை பந்து எறிந்தான் என்று எண்ணித் தர உனக்கு நம்பிக்கையான ஓர் ஆள் தேவை. அதற்கு என்னைக் கேட்டாய். போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். மகனோடு போய் இருக்கப்போகிற சந்தோசத்தில் அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பேஸ்பாலும் சனிக்கிழமைதான் என்பதால் நானே உன்னை நிறுத்தினேன். அதனால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மூச்சில் ஓடி முடித்துவிட்டு எனக்குப் போன் எடுப்பாய். இது அப்படி ஓடிக் கடக்கிற விஷயம் இல்லை. உனக்குக் கிடைத்துப் பத்து நாள் கழித்து இதே கடிதம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரிலும் வரும். மூன்று வருடத்துக்கு முன் அதே மலரில்தான் உன்னைப் பற்றி என்னிடம் பேட்டி எடுத்துப் படத்தோடு போட்டார்கள். அங்கே பத்துப் பேர் பார்க்கச் சொன்னதை அங்கேயே திருத்த வேண்டும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரியப்படுத்துகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் பக்கத்து வீட்டுப் பையனோடு போய், கையில் அந்தப் பெரிய தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். அப்பாவுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. "கிரிக்கெட் எண்டா ஆருக்கும் விளங்கும். உதென்ன, கட்டையால அடிச்சுப்போட்டுச் சுத்திச் சுத்தி ஓடுறது?" என்றார். சொந்தக்காரருக்கும் விளங்கவில்லை. நார்த்மீட்டில் ஒரு கல்யாண வீட்டில் உன் பெரியம்மா எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "பந்து எறியிறதுக்கோ இவ்வளவு பாடு? அதுக்குச் சம்பளம் தருவினமோ?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டு நின்றது. இதைச் சொல்வது சாக்குப் போக்குக்காக இல்லை. பின்னால் நான் செய்ததில் அந்தக் கல்யாண வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, அதற்காகச் சொல்கிறேன்.

கழகத்தில் உனக்குப் பயிற்சியாளராக இருந்த நீல் உன்னை முதல் தரம் எறியச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இவனுடைய கை இவனுக்குச் சொந்தம், எனக்கும் உங்களுக்கும் இல்லை. அதனால் எண்ணுவோம்" என்றார். வளரும் பிள்ளையின் முழங்கை ஒரு நாளில் இத்தனை பந்துக்கு மேல் தாங்காது என்று விதி இருக்கிறது என்றும், பதினைந்து வயதில் அது தொண்ணூற்றைந்து என்றும் அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். நான் தாதி என்று தெரிந்ததும் எண்ணும் கருவியை என் கையில் கொடுத்துவிட்டார். பந்து உன் கையை விட்டுப் போகும்போது கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எதிரணியில் எண்ணுபவரும் நானும் எண்ணிக்கையை ஒப்பிட்டு அவரவர் புத்தகத்தில் எழுதுவோம். நாலு வருடத்தில் ஒரு தரமும் நான் பிழை விட்டதில்லை. மற்ற அணிக்காரர் கடைசியில் ஒப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். "நர்ஸ் சொன்னால் சரி" என்று என் எண்ணிக்கையையே எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் நல்ல பெருமை.

உனக்குப் பதினாறு ஆக இரண்டு மாதம் இருந்தது. அந்தக் கோடை முடிவதற்குள் உன்னைத் தேடி ஒருவரும் வராவிட்டால் பேஸ்பாலை நிறுத்திவிட்டுப் படிப்பில் இருப்பது என்று அப்பாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம். உனக்கும் அது தெரியும். கடைசிக்கு முதல் சனிக்கிழமை, அமெரிக்க அணி ஒன்றுக்கு ஆள் பார்க்கிறவர் வந்து, வேகம் பார்க்கும் கருவியோடு வலைக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அவரைப் பார்க்காத மாதிரி நின்றாய். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

முதல் மூன்று இன்னிங்ஸ் நான் ஒழுங்காக எண்ணினேன். நாலாவதில் ஒரு பையன் நீ எறிவதையெல்லாம் கோட்டுக்கு வெளியே தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தான். பந்துதான் வீணாகிக்கொண்டிருந்தது, அவன் ஆட்டமிழக்கிறதாக இல்லை. இப்படியே போனால் எண்ணிக்கை எல்லையைத் தொட்டு, ஐந்தாவதோடு உன்னை இறக்கிவிடுவார்கள். வந்தவர் அப்போதுதான் குறிப்புப் புத்தகத்தையே திறந்திருந்தார். அடுத்த பந்து உன் கையை விட்டுப் போனது. நான் விரலை அழுத்தவில்லை. அந்தப் பந்தை நான் தவறவிட்டுவிட்டேன், கவனம் பிசகிவிட்டது என்று எத்தனையோ வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். பச்சைப் பொய். வேண்டுமென்றுதான் விட்டேன். ஒன்றை விட்ட பிறகு இரண்டாவதை விடுவது லேசாக இருந்தது. அப்புறம் எந்தப் பந்தை விடலாம், எதை விட்டால் தெரியாது என்று பார்த்துப் பார்த்து விட்டேன். எதிரணியில் எண்ண வந்த தகப்பன் தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நீல் இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் வந்து "எத்தனை?" என்று கேட்டார். ஆறாவது முடிவில் "எழுபத்தொன்பது" என்றேன். "அப்ப இன்னும் ஒரு இன்னிங்ஸ் தாங்கும்" என்று உன்னை மறுபடி அனுப்பினார். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

புத்தகத்தில் தொண்ணூற்றைந்து. நீ எறிந்தது நூற்றுப் பதினெட்டு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். முப்பது வருடம் நாடி பிடித்தவளுக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது. கை நின்றாலும் தலை எண்ணிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து, பின்நேரம் மூன்று மணியிருக்கும், சாப்பிட உட்கார்ந்தோம். நண்டுக்கறி வைத்திருந்தேன். நீ இடது கையால் சோற்றை அள்ளினாய். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆர் உனக்கு இடக்கையால சாப்பிடப் பழக்கினது? பெரிய ஆளாகிட்டியோ? சோத்துக் கையால சாப்பிடு" என்று ஏசினார். நீ வலது கையை மேசைக்கு மேலே எடுத்தாய். அது பாதி தூரம்தான் வந்தது. வாய் வரைக்கும் மடங்கவில்லை. நீ அதை மறுபடி மடியில் வைத்தாய். அப்பாவுக்கு அது திமிராகத் தெரிந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். மருத்துவமனையில் இப்படி ஒரு பிள்ளை வந்தால் கையைத் தொட்டுப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். என் பிள்ளைக்கு எழும்பிப் போய் ஒரு கரண்டி எடுத்து வந்து தட்டில் வைத்தேன். பிறகு ஐஸும் இரண்டு வலி மாத்திரையும் தந்தேன். நீ கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே, "அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கும் எண்டு நினைக்கிறன்" என்றாய். அவ்வளவு சந்தோசமாக உன்னை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அவருக்கு உன்னைப் பிடித்துத்தான் இருந்தது. பதினேழு வயதில் அமெரிக்கா போனாய். பெரியம்மா விமான நிலையத்துக்கே வந்து மாலை போட்டாள். பேரே கேள்விப்படாத ஊர்களில் ஒரு வீட்டில் ஐந்து பேராக இருந்து, பத்து மணித்தியாலம் பஸ்ஸில் போய் இறங்கி அன்றைக்கே விளையாடினாய். சோற்றுக்கு எத்தனை சுண்டு தண்ணீர் என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் சமைத்தாய். ஒரு படி ஏறினாய், இன்னொரு படி ஏறினாய். இருபது வயதில் ஒரு நாள் போன் எடுத்து, பந்து எறியும்போது முழங்கைக்குள் ஏதோ அறுந்த சத்தம் உனக்கே கேட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாய். உன் மணிக்கட்டுப் பக்கத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார்கள். பதினாலு மாதம் எறியாமல் இருந்தாய். பிறகு திரும்பி வந்து, மேல் மட்டத்துக்கு இரண்டு படி கீழே வரைக்கும் போய், அங்கே ஒரு காலையில் ஐந்து நிமிடப் பேச்சில் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெல்பனில் பகலில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு கோடைகளில் விளையாடினாய். போன வருடம் அதே முழங்கை மறுபடி போனதும் நிறுத்திக்கொண்டாய். உனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. உன் தொழில் வாழ்க்கை முடிந்துவிட்டது, தம்பி.

முதல் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் உன்னிடம், இது இன்று நேற்று வந்த கிழிசல் இல்லை, சின்ன வயதில் அளவுக்கு மீறி எறிந்த கை என்று சொன்னார். நீ உடனே யாரை நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னை வீட்டுக்கு அனுப்பிய வருடம் ஒரு விளையாட்டு இணையத்தளத்துக்குக் கொடுத்த பேட்டியில் அதைச் சொல்லிவிட்டாய். பெயர் சொல்லவில்லை, ஆனால் உனக்கு இருந்தது ஒரே ஒரு இளவயதுப் பயிற்சியாளர். உன் பழைய பேஸ்பால் கழகத்தில் கூட்டம் போட்டார்கள். நீல் பழைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு நாளும் எல்லை தாண்டவில்லை, எண்ணிக்கை இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். அவர்கள் புத்தகத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள். புத்தகத்தில் பொய் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பொய் அவருடையது என்று முடிவுகட்டினார்கள்.

கழகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. நீங்கள்தானே எண்ணினீர்கள், அந்த எண்ணிக்கை சரியா என்று கேட்டார்கள். ஒரு சொல் போதுமாக இருந்தது. நான், "கனகாலமாப் போச்சு, எனக்கு ஞாபகமில்லை" என்றேன். நோயாளியின் மருந்தளவை இருபது வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறவள் நான். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சும்மா பயிற்சி கொடுத்த மனிதரை அந்த மாதமே போகச் சொன்னார்கள். அது போதாதென்று, மலருக்குக் கொடுத்த பேட்டியில் நான், "வெள்ளைக்காரக் கோச் என்ர பிள்ளையின்ர கையைப் பிழிஞ்செடுத்துப் போட்டார்" என்றேன். எல்லாரும் எனக்காக உச்சுக்கொட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

இத்தனை எறிந்தும் கிழியாத கைகள் உண்டு, எண்ணி எண்ணி எறிந்தும் கிழிந்த கைகள் உண்டு. அன்றைய இருபத்துமூன்று பந்துகளால்தான் உன் கை போனது என்று எந்த மருத்துவராலும் சத்தியம் பண்ண முடியாது. இந்த ஒரு வசனத்துக்குப் பின்னால்தான் நான் இத்தனை வருடம் ஒளிந்திருந்தேன். என்னிடம் கேட்டால், அந்தச் சாப்பாட்டு மேசையில் உன் கை பாதி வழியில் நின்றதைக் கண்டவள் நான். எனக்கு மருத்துவர் வேண்டாம்.

உன் போன் வந்த மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். "நீயோ? விளையாட்டை நிறுத்தச் சொன்னதுக்கு ஊர் முழுக்க என்னைத்தானே கல்நெஞ்சன் எண்டு சொல்லித் திரிஞ்சனீ" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவனுக்கு எழுது. ஆனா 'மன்னிச்சிடு, மன்னிச்சிடு' எண்டு கெஞ்சாதை. பிறகு உன்னை ஆறுதல் படுத்திற வேலையும் அவன்ர தலையில விழும்" என்றார். நாற்பது வருடத்தில் அவர் சொன்ன புத்திகளில் நான் மறுபேச்சில்லாமல் கேட்டது இதைத்தான்.

அன்று பின்நேரமே நீல் வீட்டுக்குப் போனேன். நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. மூன்று வருடமாக அந்தத் தெருவால் காரை விடாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். கார் கொட்டகையில் புல் வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "எத்தனை?" என்றார். "இருபத்துமூன்று" என்றேன். "கடைசி இன்னிங்ஸில் அவன் தோள் இறங்கிப் போயிருந்தது. நான் கண்டேன். உங்கள் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு என் கண்ணை நம்பாமல் விட்டேன்" என்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. நான் திரும்பவும் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். "நான் செய்யவில்லை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத ஆள் மெல்பனில் இருக்கிறான். இங்கே வந்து நின்று என்ன பிரயோசனம்?" என்றார். பிறகு குனிந்து தன் வேலையைப் பார்த்தார்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில், மாட்டேன். சனிக்கிழமை நான் எண்ண மாட்டேன். உன் அணியில் எந்தப் பிள்ளையின் தாயிடமும் தகப்பனிடமும் அந்த வேலையைக் கொடுக்காதே. கெட்ட பெற்றோரைப் பற்றி உனக்கே தெரிந்துவிடும், கத்துவார்கள், தங்களைத் தாங்களே காட்டிக் கொடுத்துவிடுவார்கள். என்னைப்போல நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கிறவர்களைக் கவனமாகப் பார். ஒரு பையன் "ஐ ஆம் ஓகே" என்றால் அவன் வாயைப் பார்க்காதே. பையை எந்தக் கையால் தூக்குகிறான், கார்க் கதவை எந்தக் கையால் திறக்கிறான் என்று பார். எண்ணிக்கை ஒன்று சொல்லி, உன் கண் வேறொன்று சொன்னால், உன் கண்ணை நம்பி அவனை இறக்கிவிடு. வலைக்குப் பின்னால் யார் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாலும் இறக்கிவிடு. அவன் அழுவான். அவன் அம்மா உன்னைத் திட்டுவாள். திட்டட்டும்.

இன்னொன்று. உன் கை எப்படிப் போனது என்று புது அணியின் பெற்றோருக்கு முதல் கூட்டத்தில் சொன்னதாகவும், எல்லாரும் வாயடைத்துப் போய்க் கேட்டதாகவும் சொன்னாய். அந்தக் கதையில் ஒரு மோசமான பயிற்சியாளர் வருகிறார். அடுத்த கூட்டத்தில் அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உன் அம்மாவை வைத்துச் சொல்ல வேண்டும். உனக்கு அது எவ்வளவு வெட்கம் என்று தெரியும். வேலை தொடங்கின மாதத்திலேயே நீ சொன்னது பிழை என்று நீயே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நிலைக்கு உன்னைக் கொண்டுவந்து விட்டதும் நான்தான். இன்று காலை கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உன் பேட்டியைப் போட்ட இணையத்தளத்துக்கு நான் எழுதவில்லை. அது நீ சொன்னது, நீதான் திருத்த வேண்டும்.

எங்களுக்கு நீ எடுத்த விமானச் சீட்டுகளை வைத்திருப்பதும் ரத்துச் செய்வதும் உன் இஷ்டம். அப்பாவை மட்டுமாவது கூப்பிடு, அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ, அத்தனை நாள் இரு. நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் நீலுக்கு எழுபத்திரண்டு வயதாகிவிட்டது, தம்பி. நான் வாசலை விட்டு இறங்கும்போது அவர் கொட்டகைக்குள்ளிருந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் இப்போது நன்றாகத் தூங்குகிறானா?" அவருடைய தொலைபேசி எண்ணை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்கு எடுக்காதே. அவருக்கு எடுத்து, நீயே சொல்லு.

அம்மா